பன்னிரண்டாம் நிமிடத்துத் தவளை

"இதைக் கேட்டுப் பாருங்க மணி" என்று மாலதி மேடம் தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

கோத்தகிரி பஜாரில், உருளைக்கிழங்கு மண்டிக்கு மேலே அவர் வாடகைக்கு எடுத்திருந்த அறை. ஜன்னல் கண்ணாடியில் மேகம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கின் வாசனை படியேறி வந்து அறைக்குள் உட்கார்ந்திருந்தது.

ஹெட்போனுக்குள் முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு சொட்டு. எங்கோ உயரத்தில் ஓர் இலையிலிருந்து நழுவி, கீழே வேறொரு இலையில் பட்டு, கடைசியில் மண்ணில் விழுந்தது. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒரு குருவி கேள்வி கேட்பதுபோல் இழுத்தது. நான் அதை மறந்தே போன பிறகு பள்ளத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. நடுவில் ஓடைத் தண்ணீர் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது.

"யாருங்க மேடம் இதைப் பதிவு பண்ணுனது?"

"உங்க வீட்டம்மாதான். நேத்து நீங்க பேட்டரி வாங்கப் போனீங்கல்ல, அப்ப மைக்கைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கச் சொன்னேன்."

ஹெட்போனைக் கழற்றினேன். "நல்லா இருக்குதுங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுற்றினேன்.

இந்தத் தொடரில் போன வாரம் நான் எழுதிய, கல்யாண வீட்டில் ஆம்ப்ளிஃபயர் புகைந்த கதையைப் படித்துவிட்டுக் குன்னூர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஊரில் எல்லாரையும் பற்றி எழுதுகிறீர்கள், உங்கள் மனைவியைப் பற்றி மட்டும் ஏன் ஒரு வரிகூட இல்லை?" இதனால்தான், வாசகி அம்மா. எழுத உட்கார்ந்தால் அந்த ஹெட்போனிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கட்டிய மனைவி மேல் எனக்குப் பொறாமை வந்த இடம் அது.

நாங்களே சத்தமாப் பேசிக்கறோம்

பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போயிருந்த வருடங்கள் அவை. சின்ன ஃபேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தன. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த ஆறுமுகண்ணன் சொல்வார்: "இப்ப எலை பறிக்கறது முடி வெட்டிக்கற மாதிரி ஆயிப்போச்சு மணி. காசு வருமுன்னா வெட்டறோம்? வளந்துருச்சேன்னு வெட்டறோம்."

இலைக்கு விலை இல்லையென்றால் என் வாடகை மைக் செட்டுக்கு ஏது விலை? அப்பா கோயமுத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு குழாய் ஸ்பீக்கருடன் மலையேறி வந்து போட்ட கடை அது. நான் எடுத்து நடத்தியே இருபது வருடம் ஆகியிருந்தது. ஒருவர் நேரில் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கோவிச்சுக்காதே மணி, பொண்ணு கல்யாணத்துக்கு இந்தவாட்டி மைக் வேண்டாம். நாங்களே சத்தமாப் பேசிக்கறோம்."

அந்தச் சமயத்தில்தான் மாலதி மேடம் கடைக்கு வந்தார். கீழே சமவெளியில் ஒரு கல்லூரியில் வேலை. எங்கள் ஊரை ஒட்டிய சோலைக்காட்டில் விடியற்காலைச் சத்தங்களைப் பதிவு செய்து, எந்தப் பறவை, எந்தத் தவளை எந்த மாதம் பேசுகிறது என்று எழுதிவைக்க வேண்டுமாம். கூட ஆள் வேண்டும். "உங்களுக்கு மைக் பத்தித் தெரியுமாமே?" என்றார். தெரியுமாவா! கேபிள் சுற்றிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவர் பின்னால் போனேன்.

முதல் நாள் காலை. பனி முழங்கால் வரை நின்றது. மேடம் கேசட்டில் பதியும் மெஷினை ஆன் செய்துவிட்டு, மைக்கை என்னிடம் கொடுத்து, கண்ணைக் காட்டினார். என் கை தன் பாட்டுக்கு மைக்கை வாயருகே கொண்டுபோனது.

"ஃபூ... ஃபூ... ஹலோ... மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ."

காடு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. சில் வண்டுகூட நிறுத்திவிட்டது.

"மணி" என்றார் மேடம் மெதுவாக, "இங்க கூட்டம் எதுவும் நடக்கலை."

ஊதுவதை அப்புறம் விட்டேன். ஆனால் என்னால் என்னை விட முடியவில்லை. குளிருக்கு மூக்கை உறிஞ்சுவேன். ஸ்வெட்டர் உரசும். நல்ல குரலாக ஒன்று கேட்டால் "அட!" என்பேன். என் கேசட்டுகளில் பறவைகளைவிட நான் அதிகமாக இருந்தேன்.

கை!

என் மனைவி பெயர் கமலா. அந்தச் சோலைக்குப் பக்கத்துச் சரிவில் இருந்த ஒரு சின்னத் தோட்டத்தில் இலை பறித்தாள். பேட்டரி வாங்க நான் போன அன்று, வேலைக்குப் போகிற வழியில் மேடத்துக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவள்தான் மைக்கைப் பிடித்திருக்கிறாள்.

"இப்படி அசையாம நிக்க எங்க கத்துக்கிட்டீங்க கமலா?" என்று மேடம் கேட்டார்.

"கேக்கறதுக்கு என்னங்க படிப்பு? நாம பேசாம நின்னா அதா வந்து காதுல உழுகுது."

அவளோடு பறிக்கும் செல்விதான் உண்மையைச் சொன்னாள். மேகம் இறங்கிவிட்டால் பறிக்கிறவர்களுக்குப் பக்கத்து வரிசை ஆள் தெரியாது. எதிரே பத்தடியில் காட்டெருமை நின்றாலும் தெரியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருத்தி "கை!" என்பாள். எல்லாக் கைகளும் செடி மேலேயே நின்றுவிடும். முதுகுக் கூடைகூட முனகாது. எருமை மூச்சு விடுகிறதா, கரடி எங்காவது கல்லைப் புரட்டுகிறதா என்று அத்தனை பேரும் கேட்பார்கள். ஒன்றுமில்லை என்றால் "ம்". மறுபடி பறிப்பு.

"அந்த 'ம்'மைக் கமலாக்கா சொன்னாத்தான் நாங்க கை வெப்போமுங்க" என்றாள் செல்வி. "வேற ஆரு சொன்னாலும் நம்ப மாட்டோம். ஒருக்கா எல்லாரும் ஒண்ணுமில்லைன்னோம். அக்கா மட்டும் வாயே தொறக்கல. பாத்தா மேல் வரிசைல ஒரு எரும படுத்து அச போட்டுட்டு இருக்குது!"

பதினான்கு வருடம் அவளோடு குடித்தனம் செய்கிறேன். இது எனக்குத் தெரியாது. வீட்டில் பேசுவது நான். அவள் எப்போது கேட்டாள், என்னத்தைக் கேட்டாள் என்று நான் எங்கே பார்த்தேன்? கூடத்தில் உட்கார்ந்தபடியே "அரிசி வெந்துருச்சுங்க, எறக்கி வெய்யுங்க" என்பாள். பெண்களுக்கெல்லாம் அந்தக் காது உண்டு என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் மேடம் அவளையும் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார். காற்று மோதாமல் இருக்க மைக்குக்கு மேலே ரோமம் வைத்த உறை ஒன்று உண்டு. கமலா அதைத் தடவிப் பார்த்துவிட்டு "பூனக்குட்டி" என்றாள். அன்றிலிருந்து மேடமும் "மணி, பூனைக்குட்டியை எடுங்க" என்றார். பூனைக்குட்டி! இருபது வருடத்தில் எந்த மைக்குக்காவது நான் பெயர் வைத்திருக்கிறேனா? வைக்கலாம் என்றுகூடத் தோன்றியதில்லையே!

வீட்டில் அவள் காலையில் கேட்ட குருவியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் நான் ரேடியோவைத் திருகுவேன். அது அவளுக்குத் தெரியாமல் போகுமா?

"ஏனுங்க, மூஞ்சி சுண்டிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்ல."

"மேடம் என்னுது நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்கன்னுங்களா?"

"எனக்கென்ன வந்துச்சு? நல்லாத்தான் பண்ணுனே. லெவல்தான் கொஞ்சம் கம்மி."

"லெவலுன்னா என்னங்க?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது."

"செரி உடுங்க. புரியாமயே பண்ணிக்கறேன்" என்று சிரித்தபடி விளக்கமாறை எடுத்துக்கொண்டு போனாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

இரண்டு காலைகள்

மேடம் கல்லூரிக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. மெஷினை இங்கேயே விட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்கு மாதச் சம்பளத்தில் ஓர் ஆளைப் போடுவதாகச் சொன்னார். ஒரே ஓர் ஆள்தான். "ரெண்டு பேரும் ஒரே இடத்துல ஆளுக்கொரு காலை பதிவு பண்ணிக் குடுங்க. அரை மணி நேரம். கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்றார்.

யாருக்குக் கிடைத்தாலும் எங்கள் வீட்டில் எரியப்போவது ஒரே அடுப்புதான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படியிருந்தும் அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதைவிட அவளுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் மனதில் பெரிதாக நின்றது. அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

கமலாவுக்கோ ஒளிவுமறைவே கிடையாது. "எனக்கு இந்த வேல வேணுமுங்க" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "தோட்டத்துல இத்தன வருசமாக் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். கேட்டதுக்குன்னு ஆரும் கூலி குடுக்கல. இவங்க குடுக்கறாங்களாமா."

மேடத்தின் முறை ஒன்று உண்டு. பதிவு முடியும் இடத்தில், பதிவு செய்தவரே தன் குரலில் இடம், நேரம், வானிலை, பெயர் எல்லாம் சொல்ல வேண்டும். பிறகு கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட வேண்டும். உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதுவும் பதியாது.

முதல் காலை என்னுடையது. இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினேன். ஸ்வெட்டர் எத்தனை தடவை உரசியது என்று எண்ணவில்லை. கடைசியில் சொல்ல வேண்டியதை மட்டும் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி அழகாகச் சொன்னேன்.

மறுநாள் நான் எழுந்தபோது கமலா கிளம்பிப் போயிருந்தாள். எனக்கான உப்புமாவைத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். எட்டு மணி வாக்கில் தலையெல்லாம் பனித்துளியோடு வந்தாள்.

"பல்ல ஒடச்சுட்டனுங்க. ஆனா கடைசில பேரு சொல்ல வெக்கமாப் போச்சு. நீங்களே காயிதத்துல எழுதி ஒட்டிருங்க, ரெண்டு கேசட்டுக்கும்" என்று என் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள்.

அவள் கேசட்டைப் போட்டேன். மூன்று நிமிடம்தான் கேட்டேன். அதற்கு மேல் தாங்கவில்லை. அவள் அங்கே இல்லவே இல்லை. காடு தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தது. கடைசி வரைக்கும் ஓட்டினேன், முழுதாகக் கேட்காமல். கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

கேசட் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. பல் உடைந்த ஓட்டை மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும், மறுபடி பதியும். ஷட்டரைப் பாதி இறக்கினேன். என் கேசட்டின் முடிவில் இருந்த என் அறிவிப்பை அழித்தேன். என் குரலை நானே அழித்தது வாழ்நாளில் அது ஒன்றுதான். அவள் கேசட்டின் முடிவில் அதே அறிவிப்பைப் பேசிப் பதிந்தேன். பதிவு செய்தவர், மணி. இரண்டிலும் செலோ டேப்பைப் பிய்த்தேன். பெயர்ச் சீட்டுகளை மாற்றி ஒட்டினேன்.

சுத்தமான வேலை.

எந்த நேரத்தில் கத்தும்?

அன்று மத்தியானமே மேடத்தின் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். முதலில் 'கமலா' என்று ஒட்டியிருந்ததைப் போட்டார். ஸ்பீக்கரில் சரக் சரக்கென்று ஸ்வெட்டர். ஓர் உறிஞ்சல். இன்னும் ஓர் உறிஞ்சல்.

மேடத்தின் முகம் வாடியது. "என்ன கமலா, சளியா?"

கமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த உறிஞ்சலோடு பதினான்கு வருடம் குடியிருந்தவள். "அப்படித்தானுங்க இருக்குது" என்றாள்.

தெரிந்துவிட்டது அவளுக்கு. கூப்பாடு போடுவாள் என்று காத்திருந்தேன். சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கேசட்டைக் கேட்கத் தயாரானாள்.

'மணி' ஓடியது. சொட்டு. ஓடை. விடிவதற்குள் ஒன்று, விடிந்த பிறகு மூன்று என்று பறவைகள். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "மணி! கடைசியில கத்துக்கிட்டீங்களே!" என்றார். எந்தப் பாராட்டுக்காக ஏங்கிக் கிடந்தேனோ அது வந்தது. வாயில் போட்டால் உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவது நிமிடத்தில், மைக்குக்கு மிக அருகில், ஒரு சத்தம்.

கொர்ர்ர்... க்ளுக்.

மேடம் கண்ணைத் திறந்தார். திருப்பிப் போட்டார். கொர்ர்ர்... க்ளுக். "என்ன மணி இது? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"

"தவளைங்க மேடம்" என்றேன். பேச்சு எனக்கு எப்போதும் முந்திக்கொண்டு வரும்.

"தவளையா! இந்த மாதிரி ஒண்ணை நான் இங்க கேட்டதே இல்லையே!" நோட்டை எடுத்துவிட்டார். "எந்தப் பக்கம்? தரையிலயா, மரத்துலயா?"

"தரைலதானுங்க... கொஞ்சம் ஈரமா..."

"நாளைக்குக் காலையில போய்ப் பாத்துரலாம்." எழுதிக்கொண்டே கேட்டார்: "கமலா, நீங்க தினமும் அங்கதானே இருக்கீங்க, இந்தத் தவளையைக் கேட்டிருக்கீங்களா?"

"தெனமும் கேக்கறனுங்க மேடம்."

"அப்படியா! எந்த நேரத்துல கத்தும்?"

"மத்தியானம் சோத்து மணிக்கு முன்னாலீங்க. நல்லாக் கத்தும்."

சொல்லும்போது அவள் மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். உதடு இறுகியிருந்தது. சிரிப்பை அடக்குகிறாளா, வேறெதையாவதா என்று எனக்கு விளங்கவில்லை. நான் அந்தச் சத்தத்தை மனதில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் தட்டுப் போட்டு மூடியிருந்த உப்புமா ஞாபகம் வந்தது. அது எனக்கான பங்கு என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன். மொத்தமே அவ்வளவுதான் என்றால்?

"எழுதாதீங்க மேடம்" என்றேன். "அது தவளை இல்லீங்க. கமலா வயிறு."

மேடத்தின் பேனா நின்றது.

"கேசட்டும் அவளோடதுதானுங்க. கடைசில வர்ற குரல் மட்டுந்தான் என்னது. சளி புடிச்ச கேசட்டு என்னது. நான்தான் மாத்தி ஒட்டுனேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினேன். என் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு வெச்சுட்டுப் பட்டினியாப் போனயா புள்ள?"

கமலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்காக ஆரு பட்டினி கெடந்தா? சட்டில இன்னொரு பங்கு இருந்துச்சே, நீங்க பாக்கலையா? சாப்புட்டுப் போனா எனக்கு ஏப்பம் வருமுங்க. டேப்புல உழுந்துருமேன்னு வெறும் வயித்தோட போனேன். பாத்தா இந்த வயிறு காலங்காத்தாலயே பேசிப்போடுச்சு."

மேடம் முதலில் அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவள் எனக்காகப் பசித்திருந்தாள் என்று உருகிப்போயிருந்தேன். அந்தப் பசிகூட எனக்கானது இல்லை. அதுவும் அந்த அரை மணி நேரத்துக்கானது. எனக்கு அப்படிப் பசித்திருக்கத் தோன்றியிருக்குமா? சாப்பிட்டேன், போனேன், உறிஞ்சினேன்.

சிரித்து முடித்ததும் மேடம் வேறு ஆளாகிவிட்டார். "தவளைன்னு எழுதியிருப்பேன் மணி" என்றார். "எத்தனையோ பேர் அதை நம்பியிருப்பாங்க." வேறெதுவும் திட்டவில்லை. கேசட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "வேலை கமலாவுக்குத்தான். இதுல அவங்க குரல் இருக்கணும். எப்படிப் பதிஞ்சீங்களோ அப்படியே உங்க குரலை எடுங்க."

செலோ டேப் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஓட்டையை அடைத்தேன். கடைசிக்கு ஓட்டி, மைக்கைக் கமலாவின் கையில் கொடுத்தேன்.

"இப்பவும் வெக்கமா?" என்று கேட்டார் மேடம்.

"இப்ப இல்லீங்க."

சிவப்புப் பொத்தானை அழுத்தியது நான். அவள் மைக்கைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலச் சொன்னாள்:

"எடம், பெரிய ஓட சோல. நேரம், காத்தால ஆறு மணி. மேகம் கீழ எறங்கியிருந்துச்சு, காத்து இல்ல. பதிவு பண்ணுனது கமலா. பன்னெண்டாவது நிமிசத்துல கேக்கறது தவள இல்லீங்க. அது நான்."